விசில் எண்ணியின் பதினான்காவது நிமிடம்

திருமூர்த்தி இறந்து ஏழு மாதம் ஆன பிறகு, அவருடைய கை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்ற செய்தி அவர் மனைவி தமயந்தியிடம் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவள் ஷமீமா. உடுமலைப்பேட்டையில் ஒரு பேக்கரியின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கூடும் கைவேலைக் குழுவை அவள்தான் நடத்தி வந்தாள். மற்ற நாட்களில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. திருமூர்த்தியின் காரியத்துக்கு வந்து, ஓரமாக நின்று, சாப்பிடாமல் போன பெண் என்ற அளவில் தமயந்திக்கு நினைவிருந்தது.

"இந்தப் பக்கமா உக்காரு கண்ணு. காது எனக்கு மந்தம், இடது சுத்தமா எடுக்காது."

இதை இத்தனை எளிதாகச் சொல்லத் தன்னால் முடியும் என்று தமயந்திக்கே அண்மையில்தான் தெரிந்தது. அவர் இருந்தவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஷமீமா பையிலிருந்து இரண்டு பட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். சாம்பல் நிறம், இரண்டு விரல் அகலம், உள்பக்கம் பொட்டுப் பொட்டாக உலோகம்.

"சாரோடதுங்கம்மா. குழுவுல வெச்சுட்டுப் போயிருந்தாருங்க. நாங்க காப்புன்னு சொல்லுவோம்."

"பார்த்திருக்கேன். பிரஷர் பாக்கறதுன்னு நெனச்சிட்டிருந்தேன். எவ்வளவு காட்டுதுன்னு கேட்டா 'நல்லாத்தான் இருக்குது'ம்பார்."

ஷமீமாவுக்குச் சிரிப்பு வந்தது. துக்க வீடு என்று நினைத்து அடக்கிக்கொண்டாள். பிறகு விளக்கினாள். இதை மாட்டிக்கொண்டு எதையாவது செய்தால், கை போன வழியெல்லாம் இதில் பதிவாகும். அதற்குத் தடம் என்று பெயர். அந்தத் தடத்தைப் பட்டறையில் போட்டுவிட்டால்...

"எந்தப் பட்டறை?"

"இணையத்துல இருக்கறதுங்க. பேருதான் பட்டறை. அவங்கவங்க வீட்ல செஞ்சதக் கொண்டாந்து போடுவாங்க. அதப் பாத்து இன்னொருத்தர் காப்பு மாட்டிக்கிட்டு உக்காந்தா, போட்டவரு கை எப்படிப் போச்சோ அப்படியே இவங்க கையையும் கூட்டிட்டுப் போகும். இழுக்காதுங்க. சின்னப் புள்ளைக்குக் கையப் புடிச்சு 'அ' போடச் சொல்லித் தர்றாப்பல இருக்கும்."

"அவர் என்னத்தப் போட்டார்?"

ஷமீமா சற்றுத் தயங்கினாள். "விசில் எண்ணிங்கம்மா."

விசில் எண்ணி எங்கே இருக்கிறது என்று தமயந்திக்குத் தெரியும். பரணில், தீபாவளி இனிப்பு வந்த அட்டைப் பெட்டிக்குள், மூன்றாவது வரிசையில்.

நூற்பாலை ஒன்றின் ஸ்டோரில் முப்பத்து நான்கு வருடம் குமாஸ்தாவாக இருந்தவர் திருமூர்த்தி. வீட்டில் பியூஸ் போனால்கூட ஆள் கூப்பிடுகிறவர். ஐம்பத்தேழு வயதில் ஒரு நாள் தபாலில் ஒரு பெட்டி வரவழைத்தார். அதில் விரல்நகம் அளவு விளக்குகள், கலர் கலராக ஒயர், சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சை போர்டு. பேட்டரியை மாற்றிப் போட்டுப் புகை வரவைத்தார். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னைத் தப்பான முனையில் பிடித்துக் கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டார். அந்த விரலோடு சோறு பிசைய முடியாமல் ஒரு வாரம் ஸ்பூனில் சாப்பிட்டார். எட்டாம் நாள், "ஏ புள்ள, இங்க ஓடியா, எரியுது பாரு!" என்று கத்தினார். பதறிப்போய் வந்து பார்த்தால் கடுகு அளவு சிவப்பு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"வீட்ல பன்னெண்டு லைட்டு எரியுது. இதுக்கா கத்துனீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

ஆறு மாதம் கழித்து ஒரு காலையில், சமையலறை அலமாரியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். முகப்பில் வரிசையாக ஐந்து சிவப்பு விளக்குகள். குக்கர் ஒரு விசில் விட்டால் ஒரு விளக்கு எரியும். இரண்டு விட்டால் இரண்டு. கேட்க வேண்டியதில்லை, பார்த்தால் போதும். விளக்கமாகச் சொல்ல வந்தவர் அவள் முகத்தைப் பார்த்து, "சும்மா செஞ்சு பாத்தேன்," என்று மட்டும் சொன்னார்.

அதோடு நின்றிருந்தால் அவள் வைத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அன்று பிற்பகல், தமயந்தி நூலகராக இருந்த கிளை நூலகத்துக்கு வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, "மேடம், சார் பட்டறையில போட்டதப் பார்த்தேன். உங்க காதுக்காகச் செஞ்சாராமே, எவ்வளவு அன்பு!" என்று வாசகர்கள் ஏழெட்டுப் பேர் நடுவில் சொன்னாள். உதடுகளைப் பார்த்துப் பார்த்தே பேசி நான்கு வருடமாகத் தமயந்தி மறைத்து வைத்திருந்த ஒன்று, அந்த ஒரு வாக்கியத்தில் வெளியே வந்து விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "என்னையச் செவிடின்னு ஊருக்கே தண்டோரா போட்டுட்டீங்களா?"

அவள் ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியைப் பரணில் வைத்தாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருவரும் எல்லாவற்றையும் பேசினார்கள், அதைத் தவிர. அவர் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அப்படியே போய்ச் சேர்ந்த நாள்வரை.

போன பிறகுதான் வீட்டில் பருப்பு அடிப்பிடிக்க ஆரம்பித்தது. ஒருமுறை, இருமுறை, நான்காவது முறை கரிந்த குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. அந்த ஒன்றரை வருடமும் தினமும் காலையில் குக்கர் வைத்த கொஞ்ச நேரத்தில் அவர் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்க வருவார். பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு நின்றபடியே குடிப்பார். அவர் வந்தால் அடுப்பை அணைக்கும் நேரம் என்று அவள் கை பழகியிருந்தது. அவர் வந்தது மூன்றாவது விசிலுக்கு.

"தொள்ளாயிரத்து எண்பத்தேழு பேரு செஞ்சிருக்காங்கம்மா," என்றாள் ஷமீமா. "அதுல பாதிக்கு மேல காது கேக்காதவங்க. இந்தத் தடத்துல பேச்சே கெடையாது பாருங்க. மத்தவங்கெல்லாம் வீடியோவுல பேசிப் பேசிச் சொல்லித் தருவாங்க. சாரு கையாலயே சொல்லித் தர்றாரு."

"சரி கண்ணு. இதச் சொல்லவா இத்தன தூரம் வந்தே?"

"இல்லைங்க. ஆயிரம் ஆச்சுன்னா இஸ்திரி போட்டுருவாங்க."

"எதுக்கு?"

"தடத்துக்குத்தானுங்க. நாங்க அப்படிச் சொல்லிப் பழகிட்டோம். ஆயிரம் பேரு கையையும் ஒண்ணா வெச்சுத் தேச்சு, பொதுவா ஒரே தடமாக்கிருவாங்க. நடுக்கம், தடுமாத்தம், வேண்டாத அசைவு எல்லாம் போயிரும். சாரு ஒவ்வொரு எடத்துல ஈயம் வெச்சதும் மேசைய ரெண்டு தட்டுத் தட்டுவாரு, தெரியுங்களா?"

தமயந்தி தலையசைத்தாள். சாப்பிட்டு எழும்போதும் தட்டுவார். பஸ்ஸில் இறங்கும்போது கம்பியைத் தட்டுவார்.

"அதெல்லாம் போயிரும். புதுசா வர்றவங்களுக்கு நல்லதுதானுங்க. ஆனா பொறவு அது சாரு கையா இருக்காது."

"பழச எடுத்து வெச்சுக்கலாமல்ல?"

"முடியாதுங்கம்மா. அவரு வெரலு நீளம் வேற, உங்க வெரலு வேற. ஒவ்வொரு கைக்கும் தகுந்தாப்பல அங்கிருந்துதான் மாத்தி அனுப்பணும். முந்தி பழசையும் வெச்சிருந்தாங்க. ஒருத்தரு தடத்துல கை தவறிச் சூட்டுல பட்டிருந்துச்சாமா. அதப் பாத்துச் செஞ்ச அத்தன பேரும் அதே எடத்துல சுட்டுக்கிட்டாங்க. அதுலிருந்து பழச அழிச்சிருவாங்க." ஷமீமா காப்புகளில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வாரிசு நெனச்சா அதுக்கு முன்னாடி பூட்டலாம். பூட்டிட்டா உங்களுக்கு மட்டுந்தான். வேற யாரும் செய்ய முடியாது. பதில் சொல்ல இந்த மாசக் கடைசி வரைக்கும் நேரமிருக்குது. உங்களுக்குத் தெரியாமயே ஆயிப்போச்சுன்னா பாவம்னு பட்டுச்சு. அதான் வந்தேன்."

தமயந்தி சன்னலைப் பார்த்தாள். முப்பத்தொரு வருடம் நூலகத்தில் அவள் செய்த வேலைகளில் ஒன்று, திரும்பி வரும் புத்தகங்களில் வாசகர்கள் பென்சிலால் கிறுக்கியதை ரப்பர் வைத்து அழிப்பது. அடிக்கோடுகள், ஓரத்தில் "ஆமாம்", "பொய்", ஒருமுறை "அம்மா" என்ற ஒரே ஒரு சொல். அடுத்தவருக்குச் சுத்தமாகப் போக வேண்டும் என்று கை வலிக்க அழித்திருக்கிறாள்.

கிளம்பும்போது ஷமீமா வாசலில் நின்றாள். "இன்னொண்ணுங்கம்மா. பதினாலாவது நிமிஷத்துல சாரு அயர்ன ஸ்டாண்டுல வெச்சுட்டு இடது கைய நீட்டறாரு. அங்க ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் வெச்சிருந்துட்டுத் திரும்ப வந்துருவாரு. எதுக்குங்க?"

"ஏதாச்சும் சாமான் எடுத்திருப்பார்."

"ஈயம் ஆறட்டும்னு நிக்கறாருன்னு ஒருத்தரு எழுதியிருக்காரு. தோள்பட்டைக்கு நல்லதுன்னு ஜப்பான்ல ஒருத்தரு. அத விட்டுட்டுச் செஞ்சேன், போர்டு எரிஞ்சு போச்சுன்னு கேரளாவுல ஒரு அம்மா சத்தியம் பண்றாங்க. எல்லாரும் சாரக் கேட்டாங்க. சாரு ஒரேயொருக்கா பதில் போட்டாரு."

"என்னன்னு?"

"'அது இருக்கட்டும்ங்க'ன்னு."

*

பட்டறையில் தமயந்தியின் பெயரை ஷமீமா சேர்த்துவிட்டுப் போன மறுநாள், அவளுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. எழுதியவள் லிடியா. தென்காசிப் பக்கத்தில் காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் சிறு பள்ளியில் ஆசிரியை.

"அம்மா, எனக்கும் பிறவியிலிருந்து காது கேட்காது. என் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். இந்தப் பருவத்தில் விசில் எண்ணி செய்ய ஆரம்பித்திருக்கிறோம். தடத்தைப் பூட்டுவதா என்று வாரிசு முடிவு செய்ய வேண்டும் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. பூட்டிவிட்டால் பாதியில் நின்றுவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் கையைப் பிடித்து ஒரு வேலையும் சொல்லித் தந்ததில்லை. பேசிச் சொல்வார்கள், புரியவில்லை என்றால் அவர்களே செய்து கொடுத்துவிடுவார்கள். உங்கள் கணவர் அப்படிச் செய்யவில்லை. உங்கள் துக்கம் எனக்குத் தெரியும், இரண்டு வருடம் முன்பு என் அண்ணனை இழந்தேன். ஆகவே பூட்ட வேண்டாம் என்று கேட்கவில்லை. சொல்கிறேன், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி இருக்கிறது: அந்த மாமா கையை நீட்டுவது எதற்கு?"

தமயந்தி பதில் எழுதவில்லை. ஷமீமாவுக்குப் போன் செய்து, "அதச் செய்யறதுக்கு என்னென்ன வேணும்? வாங்கிட்டு வா கண்ணு," என்றாள்.

முதல் நாள் அவள் கை பிடிகொடுக்கவில்லை. காப்பு ஒரு பக்கம் போகச் சொன்னால் விரல்கள் விறைத்துக்கொண்டு மறுபக்கம் நின்றன. "தளத்தி விடுங்கம்மா," என்று ஷமீமா சொல்லிக்கொண்டே இருந்தாள். "பஸ்ஸுல தூங்கறப்பத் தோள் சாயுமல்லங்க, அந்த மாதர." முதலில் ஆரம்பநிலைக்காரர்களுக்கான தடம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். ஒரு பேட்டரி, ஒரு விளக்கு, இரண்டு ஒயர். யாரோ ஒரு போலந்துக்காரியின் கை. முக்கால் மணி நேரம் போராடி விளக்கு எரிந்தது. கடுகு அளவு சிவப்பு. தமயந்தி வாயைத் திறந்து யாரையோ கூப்பிடப் போனாள். ஷமீமா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கூப்பிட வேண்டிய ஆள் அவள் இல்லை.

மறுநாள் தனியாக இருக்கையில், முற்பகல் பத்தரை மணிக்கு, அவருடைய தடத்தைப் போட்டாள்.

கை போனது. தயங்கித் தயங்கி, ஒவ்வொரு திருகாணியையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்து வைக்கிற குமாஸ்தாக் கை. ஸ்டோரில் சாமான் சரிபார்த்தவர் அல்லவா. போர்டில் ஒரு புள்ளியில் ஈயம் வைத்ததும் விரல்கள் மேசையைத் தட்டின. டொக், டொக். அவளுடைய விரல்கள்தாம். தட்டியது அவளல்ல.

பதினான்காவது நிமிடம் வந்தது. வலக்கை அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு மேசைமேல் சும்மா படுத்தது. இடக்கை மெல்ல நீண்டு, உள்ளங்கை மேலாகத் திறந்து, காத்திருந்தது.

தமயந்தி அந்தத் திசையைப் பார்த்தாள். இதே மேசை, இதே நாற்காலி. இடப்புறம் சமையலறைக் கதவு.

விரல்கள் மூடின. டம்ளரைப் பிடிக்கிற மூடல் அல்ல அது. டம்ளர் தடிமன், இது அதைவிடச் சிறியதை, மெல்லியதை, நான்கை ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கிற மூடல். ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்தது. பிறகுதான் தளர்ந்து, விரிந்து, டம்ளரை வாங்குகிற வட்டத்துக்கு வந்து, மேசையோரத்துக்குப் போனது.

விடுமுறை நாட்களின் மூன்று மணி டீ. வேலையில் தலை கவிழ்ந்திருப்பார். கையை மட்டும் நீட்டுவார். "தலையத் தூக்கி ஒருக்காப் பாத்தா கொறஞ்சா போயிருவீங்க?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பாள். டம்ளரை வாங்குவதற்கு முன் அவர் தன் விரல்களைப் பிடிப்பதை, கல்யாணமான புதிதில் அவள் அறிந்திருக்க வேண்டும். முப்பது வருடத்தில் அது டம்ளரின் சூட்டோடு கலந்து, தனியாகத் தெரியாமல் போய்விட்டது. தெரியாமல் போனதை அவர் விடவில்லை.

அவள் தடத்தை நிறுத்தி, முதலிலிருந்து போட்டாள். இந்த முறை இடக்கை நீண்டபோது, சும்மா கிடந்த தன் வலக்கையை எடுத்து, நான்கு விரல்களையும் அந்த உள்ளங்கையில் வைத்தாள்.

மூடியது.

*

இரண்டு வாரம் கழித்து ஷமீமா வந்தபோது தமயந்தியின் மணிக்கட்டுகள் சிவந்து தடித்திருந்தன. பட்டையின் விளிம்பு பட்ட இடத்தில் தோல் உரிந்திருந்தது.

"என்னங்கம்மா இது! ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் போடறீங்க?"

"கொஞ்ச நேரந்தான்."

ஷமீமா போனை எடுத்துப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. "நாப்பத்தியொரு தடவ ஆரம்பிச்சிருக்கீங்க. ஒருக்காகூட முடிக்கலியே. எல்லாமே பதினாலாவது நிமிஷத்துல நிக்குது."

தமயந்தி புடவை முந்தானையால் மணிக்கட்டை மூடினாள். "பட்டறையிலிருந்து வந்த பூட்டற காகிதத்துல பேரு எழுதிட்டேன் கண்ணு. அனுப்பறதுதான் பாக்கி. எப்படி அனுப்பறதுன்னு சொல்லிக் குடு."

"சரிங்கம்மா." போனைப் பைக்குள் வைத்தாள். "நான் வேண்டாங்கமாட்டேன். எங்க அத்தா கொரலு எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. இருந்திருந்தா நானும் எட்டு பூட்டு போட்டிருப்பேன். ஆனா ஒண்ணு. சாரு அந்த வேலைய என் கண்ணு முன்னாலதான் பழகுனாரு. பத்து தடவ கெடுத்தாரு. போட்டி வைக்கறோம் சார், வாங்கன்னா வரமாட்டாரு. இத முடிக்கோணும் ஷமீமா, முடிச்சுக் குடுத்துட்டு வர்றேன்னுவாரு. முடிக்கறதுலதான் அவருக்கு அவ்வளவு இது. நீங்க ஒருக்கா கடைசி வரைக்கும் போய்ப் பாத்துட்டு, பொறவு அனுப்புங்களேன்."

மறுநாள் காலை, கற்றாழை தடவிய மணிக்கட்டுகளில் துணி சுற்றி, அதன்மேல் காப்பை மாட்டினாள். டொக், டொக். பதினான்காவது நிமிடம் வந்தது. விரல்களைக் கொடுத்தாள், மூடியது, விட்டது. நாற்பத்தோரு முறையும் நிறுத்திய இடம். நிறுத்தவில்லை.

அவளுக்குத் தெரியாத அவருடைய கை அதற்குப் பிறகு வந்தது. ஒயர்களை மடித்துப் பெட்டிக்குள் படுக்கவைத்தது. மூடியை வைத்து நான்கு திருகாணிகளையும் முடுக்கியது. ஒன்று நழுவி விழ, தேடி எடுத்து மீண்டும் முடுக்கியது. விரல்நுனியால் ஒவ்வொரு விளக்கையும் தொட்டு எண்ணியது: ஐந்து. வேட்டி ஓரத்தைப் பிடித்திழுத்து முகப்பைத் துடைப்பது போலத் தேய்த்தது. அவ்வளவுதான் என்று அவள் நினைத்தாள்.

இரண்டு கைகளும் பெட்டியை எடுத்தன. நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவந்து, முன்னால் நீட்டின. ஒரு கணம் நின்று பின்வாங்கின. திரும்பவும் நீட்டின, இந்த முறை சற்றுத் தாழ்வாக, அவளுடைய உயரத்துக்கு.

கொடுத்துப் பார்க்கிறார். எப்படிக் கொடுத்தால் கோபித்துக்கொள்ளமாட்டாள் என்று, ஆளில்லாத அறையில் உட்கார்ந்து, ஒத்திகை பார்க்கிறார்.

தடம் அங்கே முடிந்தது. தமயந்தி பெட்டியை நீட்டியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வாங்க வேண்டியவளும் அவள்தான். ஒருமுறை வாங்காமல் பரணில் ஏற்றியாகிவிட்டது.

திரையில் ஒரு கேள்வி காத்திருந்தது: உங்கள் பிரதியைப் பட்டறையில் சேர்க்கலாமா? ஆம் என்பதைத் தொட்டாள். தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு என்று எண் மாறியது. பூட்டுகிற காகிதத்தை நான்காகக் கிழித்தாள். பிறகு லிடியாவுக்கு எழுதினாள்:

"பிள்ளைகள் முடிக்கட்டும்."

எண்பத்தெட்டோடு பன்னிரண்டைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். அதற்குள் வேறு யாரும் புகுந்துவிடாமல் இருந்தால், அந்தத் தடத்தில் கடைசியாகச் சேருகிறவர்கள் அந்தப் பிள்ளைகளாக இருப்பார்கள். வேறு யாரும் புகவில்லை. பன்னிரண்டும் ஒரே நாளில் வந்தன.

*

இஸ்திரி போட்டு முடிந்தது என்ற அறிவிப்பு ஒரு வியாழக்கிழமை வந்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள் காப்பைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டினாள்.

நல்ல கை. அதைக் குறை சொல்ல முடியாது. தயக்கமில்லை, நடுக்கமில்லை, ஈயம் முத்து முத்தாக உட்கார்ந்தது. திருகாணி நழுவவில்லை. மேசையை யாரும் தட்டவில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு அவள் விரல்கள் மட்டும் தாமாக லேசாகத் துடித்து அடங்கின. ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் கண்ணியமான ஒருவரைப் போல இருந்தது அந்தக் கை. குற்றமில்லை, தெரிந்தவரும் இல்லை.

பதினான்காவது நிமிடத்தில் வலக்கை வேலையில் இருந்தது. இடக்கை ஒயரைப் பிடித்திருந்தது. பதினைந்தாவது நிமிடம் வந்தது. பதினாறும் வந்தது.

காப்புகளைக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக மேசைமேல் வைத்தாள். மணிக்கட்டில் புண் ஆறி, தோல் வெளிறிய கோடாக மாறியிருந்தது. அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவர் போன நாட்களில் வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது பெரிதாகத் தெரியாத வெறுமை, இப்போது நாற்காலி இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தது.

மதியம் லிடியாவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. கூடவே சில வரிகள்.

"அம்மா, இஸ்திரி போட்ட பிறகு அந்தக் கை நீட்டல் தடத்தில் வரவில்லை. நானும் கவனித்தேன், பிள்ளைகளும் கவனித்தார்கள். உங்களிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எங்கள் வகுப்பில் பிள்ளைகள் நெருக்கமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் செய்வார்கள். அந்த நேரத்தில் எல்லோருடைய வலக்கையும் சும்மா இருக்கும், இடக்கை நீளும். நீளுகிற கை பக்கத்துப் பிள்ளையின் கையில்தான் போய் முட்டும். முதல் வாரம் சிரித்தார்கள். பிறகு பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். செய்கிற வேலையில் அதுவும் ஒரு படி என்று நினைத்துவிட்டார்கள். நான் திருத்தவில்லை. இது நேற்று எடுத்தது. ஐந்தாம் வகுப்பிலிருந்து புதிதாக வந்த இருவருக்கு இவர்களே சொல்லித் தருகிறார்கள்."

தமயந்தி வீடியோவைத் திறந்தாள். நீளமான பெஞ்சு, சன்னல் வெளிச்சம். வரிசையாகக் குனிந்த தலைகள், எண்ணெய் வைத்து வாரியவை. யாரும் பேசவில்லை. ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சுகிறான். ஒரு பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு ஈயம் வைக்கிறாள். கடைசிப் புள்ளி முடிந்ததும் அயர்ன்கள் ஒவ்வொன்றாக ஸ்டாண்டுக்குப் போகின்றன. எல்லோரும் முடிக்கும்வரை முதலில் முடித்தவர்கள் காத்திருக்கிறார்கள்.

பிறகு, வரிசை முழுதும், இடக்கைகள் நீண்டன. தலை நிமிராமலே. ஒவ்வொரு கையும் அடுத்த பிள்ளையின் வலக்கை விரல்களைத் தேடி எடுத்து, நான்கையும் சேர்த்து, ஒரு மூச்சு நேரம் பிடித்து, விட்டது. ஓரத்தில் இருந்த சின்னப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஆளில்லை. அவள் கை காற்றில் காத்திருந்தது. படம் எடுத்துக்கொண்டிருந்த லிடியாவின் விரல்கள் சட்டகத்துக்குள் வந்து அதில் இறங்கின.

தமயந்தி அதை மறுபடி பார்த்தாள். மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் கவனித்தாள். ஒரு பிள்ளையின் மணிக்கட்டிலும் காப்பு இல்லை.

பரண் ஏறினாள். மூன்றாவது வரிசையில் இருந்த இனிப்புப் பெட்டியை எடுத்து வந்தாள். உள்ளே விசில் எண்ணி வைத்தது வைத்தபடி இருந்தது. தான் செய்ததும் ஒன்று இருந்தது. ஆனால் இதைத்தான் எடுத்தாள். இரண்டு கையாலும் எடுத்தாள். பேட்டரி மாற்றி, சமையலறை அலமாரியில், முதன்முதலாக அவர் வைத்த இடத்தில் வைத்தாள். பருப்பைக் கழுவிக் குக்கரில் போட்டு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, நின்றபடியே லிடியாவுக்குப் பதில் எழுதினாள்.

"பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு இத்தனை நாள் பதில் சொல்லாமல் இருந்தேன். மன்னித்துக்கொள். அது வேலையில் சேர்ந்தது அல்ல. மூன்று மணிக்கு நான் டீ கொண்டுபோவேன். வாங்குவதற்கு முன் என் விரலைப் பிடிப்பார். அதுதான். வேண்டாத அசைவு என்று பிள்ளைகள் விட்டுவிட நினைத்தால் விட்டுவிடலாம்."

அனுப்பிய இரண்டாவது நிமிடத்தில் பதில் வந்தது. "சைகையில் சொன்னேன், அம்மா. இருக்கட்டும் என்கிறார்கள்."

அலமாரியில் முதல் விளக்கு எரிந்தது. இரண்டாவது எரிந்தது. தமயந்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது விளக்கு எரிந்ததும், பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, நின்றபடியே குடித்துவிட்டு, அடுப்பை அணைத்தாள்.